சம்மன் கைக்கு வராமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது. ரத்து செய்ய முடியுமா?

கடன் பாக்கி வழக்கில் சம்மன் வரவே இல்லை, நிறைவேற்றுதல் மனு (தீர்ப்புப்படி பணத்தை வசூலிக்கப் போடும் மனு) நோட்டீஸ் வந்த பிறகுதான் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (நீங்கள் ஆஜராகாததால் ஒருதலையாகச் சொன்ன தீர்ப்பு) ஆனதே தெரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்து செய்யலாம். சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-ன் கீழ், தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டில் மனு போட வேண்டும். கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை (உங்களிடம் சேர்ப்பிக்கப்படவில்லை) என்றால், தீர்ப்பு பற்றி உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அது ஓடும். அதனால் இப்போது வந்த நோட்டீஸையும் அதன் தபால் உறையையும் பத்திரப்படுத்துங்கள். "அன்றைக்குத்தான் தெரியும்" என்பதற்கு அதுதான் சான்று.

மனு எழுதுவதற்கு முன்பே, வழக்கு ஆவணங்களின் நகல் கேட்டு கோர்ட்டில் நகல் மனு போட்டுவிடுங்கள். பிராது (எதிர்த்தரப்பு வழக்குப் போட்ட மனு), தீர்ப்பாணை, எக்ஸ்பார்ட்டி ஆக்கிய நாளின் உத்தரவு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்மனின் சார்வு அறிக்கை (சம்மனை எப்படிச் சேர்த்தார்கள் என்ற அறிக்கை) வேண்டும். "சம்மன் வரவில்லை" என்ற ஒற்றை வரியை மட்டும் வைத்துப் போடும் மனுக்கள்தான் அதிகம் தோற்கின்றன. கோர்ட் பார்ப்பது அறிக்கையை.

சம்மனின் பின்பக்கம் அமீனா (சம்மனைக் கொண்டுவரும் கோர்ட் ஊழியர்) எழுதியிருப்பதை வரி வரியாகப் படியுங்கள். "வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டினேன்" என்பதோடு நின்றுவிட்டால் அது கட்டளை 5 விதி 17-க்குப் போதாது. முறையாகத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை, நியாயமான நேரத்துக்குள் திரும்பி வருவார் என்றும் தோன்றவில்லை என்றால்தான் ஒட்ட முடியும். எந்தச் சூழலில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் இருந்தால் அவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று பெயர், முகவரியோடு எழுத வேண்டும். அறிக்கைக்கு அமீனாவின் பிரமாண வாக்குமூலம் இல்லையென்றால், கோர்ட் அவரை விசாரித்திருக்க வேண்டும். வீட்டில் வேறொருவர் வாங்கியிருந்தால் அவர் உங்களோடு வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரா என்று பாருங்கள். வேலைக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

பிராதில் உள்ள முகவரியையும் கவனியுங்கள். வழக்குக்கு முந்தைய வக்கீல் நோட்டீஸ் உங்கள் புது முகவரிக்கு வந்திருந்து, பிராதில் பழைய முகவரி இருந்தால் அதைவிட வலுவான ஆவணம் கிடையாது. கூடவே வாடகை ஒப்பந்தத்தையும் மின்கட்டண ரசீதையும் சேருங்கள். "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதிய உறைதான் சங்கடமானது. முகவரி சரியாக இருந்தால் சார்வானதாகவே கோர்ட் அனுமானிக்கும். பொய் என்று காட்டும் சுமை உங்களுடையது. பத்திரிகை விளம்பரம் மூலம் சார்வு நடந்திருந்தால், கெடுவைக் கணக்கிட அது முறையான சார்வு ஆகாது. ஆனாலும் நீங்கள் ஒளிந்து திரியவில்லை, விளம்பரத்துக்கு அனுமதி வாங்க எதிர்த்தரப்பு சொன்ன காரணமே தவறு என்று மனுவில் சொல்லியாக வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: சார்வில் குறை இருந்தாலும், விசாரணைத் தேதி உங்களுக்குத் தெரிந்திருந்து, வந்து பதில் சொல்ல அவகாசமும் இருந்தது என்று கோர்ட் கருதினால் ரத்து செய்யாது. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பியதை எதிர்த்தரப்பு காட்டும். கடன் தகராறு தெரியும் என்பது வேறு, வாய்தா தேதி தெரியும் என்பது வேறு. இதைப் பிரமாண வாக்குமூலத்திலேயே தெளிவாகப் பிரித்து எழுதுங்கள்.

தெரிந்து 30 நாள் தாண்டியிருந்தால், காலவரையறைச் சட்டம் பிரிவு 5-ன் கீழ் தாமத மன்னிப்பு மனுவும் வேண்டும். தெரிந்த தேதியே தகராறாகும் என்றால் முன்னெச்சரிக்கையாகவும் போடலாம். நிறைவேற்றுதலை நிறுத்தத் தனியாகத் தடை மனு போடுங்கள். ரத்து மனு நிலுவையில் இருப்பதால் மட்டும் ஜப்தி நிற்காது. பதிலுரையையும் (பிராதுக்கு நீங்கள் தரும் எழுத்துப் பதில்) தயாராக இணைத்தால், வழக்கை நடத்தவே வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்காமல் ரத்து கிடைக்காது. கிடைக்கும்போதும் செலவுத்தொகை கட்டச் சொல்லலாம், ஒரு பகுதிப் பணத்தை டெபாசிட் செய்யவும் சொல்லலாம். அதற்குக் குறித்த தேதியைத் தவறவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும்.

மேல்முறையீட்டையும் சேர்த்துப் போடலாமா என்றால், சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அது முதலில் தள்ளுபடியானால் விதி 13 மனு நிற்காது. சார்வுதான் உங்கள் பலம் என்றால் விதி 13-ஐயே முதலில் பிடியுங்கள். அது தள்ளுபடியானால் கட்டளை 43-ன் கீழ் மேல்முறையீடு உண்டு. இதற்குள் பணம் வசூலாகியிருந்தால், ரத்தான பிறகு சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 144-ன் கீழ் திரும்பக் கேட்கலாம்.