டீச்சர் வாயைத் திறந்தால் கேஸா? வாயனசாலையில் கேட்ட கேள்விகள்

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வாயனசாலையில் (ஊர் நூலகம்தான்) மாதத்தில் ஒரு ஞாயிறு சட்டம் பேசுகிறோம். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் சீட்டு எழுதிப் போடுவார்கள், நான் எடுத்துப் படித்துப் பதில் சொல்வேன். கருப்புக் கோட்டு போடுவதற்கு முன் நாலு வருஷம் தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருந்தவள் என்பதால் பள்ளிக்கூட விஷயம் என்றால் டப்பா நிறைந்துவிடும். இந்த மாதமும் அப்படித்தான். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்கள் (திருநங்கை, திருநம்பி போன்றவர்கள்), அவர்களுடைய குடும்பங்கள் பற்றி வகுப்பில் பேசக்கூடாது என்று சில நாடுகளில் போட்ட சட்டங்களைப் பற்றித்தான் பாதிச் சீட்டு. அன்று சொன்னதைக் கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.

வக்கீலம்மா, என் மகன் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கான். பேத்தி ரெண்டாங்கிளாஸ். கூடப் படிக்கிற பையனுக்கு ரெண்டு அம்மாவாம். அதைப் பத்தி டீச்சர் வாயே திறக்கக் கூடாது, திறந்தா கேஸுன்னு மகன் சொல்றான். நெசமுங்களா? (கோபாலபுரத்திலிருந்து ஒரு பாட்டி)

பாதி நிஜம் பாட்டி. மீதிப் பாதிக்கு உங்கள் மகனைக் குறை சொல்ல முடியாது, சட்டத்தை எழுதிய விதம் அப்படி.

2022 மார்ச்சில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்துப் போட்டார், ஜூலையில் அமலுக்கு வந்தது. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பாலின அடையாளம், பாலீர்ப்பு பற்றி 'வகுப்பறைப் போதனை' கூடாது என்பது அதன் சாரம். மேல் வகுப்புகளில் வயதுக்குத் தகாத விதத்தில் கூடாது. மீறியதாகப் பெற்றோர் நினைத்தால் பள்ளி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போடலாம். மறு வருஷம் மாநிலக் கல்வி வாரியம் அந்தத் தடையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டியது.

'போதனை' என்றால் எது? அதைச் சட்டம் சொல்லவில்லை. பாடம் நடத்துவது போதனை, சரி. ஒரு பையன் எழுந்து "எனக்கு ரெண்டு அம்மா" என்று சொல்ல, டீச்சர் "அப்படியாப்பா, உட்காரு" என்றால் அதுவும் போதனையா? மேஜையில் டீச்சர் தன் துணையோடு எடுத்த போட்டோவை வைத்திருந்தால்? யாருக்கும் தெரியவில்லை. தமிழ்நாட்டு எல்லை வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் எது தடை என்று போர்டு வைக்காமல் 'தகாத சரக்கு கூடாது' என்று மட்டும் எழுதி வைத்தால் என்ன ஆகும்? நம் டிரைவர் தேங்காய் மூட்டையைக் கூட இந்தப் பக்கமே இறக்கி வைத்துவிட்டுப் போவான். அங்கே டீச்சர்கள் செய்ததும் அதுதான்.

கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் சமரசம் ஆகி, சட்டத்தின் எல்லையை அரசே எழுதிக் கொடுத்தது. பாடமாக நடத்தக்கூடாது, ஆனால் பேச்சுவாக்கில் குறிப்பிடலாம். கதையில் அப்படி ஒரு தம்பதி வந்தால் குற்றமில்லை. கேலி, கொடுமையைத் தடுக்கும் வேலை தடையில்லை. ஆகவே இன்றைக்கு அந்தப் பையனுக்கு இரண்டு அம்மா என்று டீச்சர் சொன்னால் கேஸ் இல்லை. பேத்தியிடம் சொல்லுங்கள். மகனிடமும்.

மேடம், நான் பாலக்காட்டுச் சித்தூரில் பி.எட். படிக்கிறேன். இந்த மாதிரிச் சட்டம் அமெரிக்காவில்தான் முதலில் வந்ததா?

அமெரிக்காவிலேயே பழைய சரக்கு உண்டு. தன்பாலீர்ப்பை நல்லதாகக் காட்டக்கூடாது என்று யூட்டா, அரிசோனா போன்ற மாநிலங்களில் பள்ளிச் சட்டம் இருந்தது. யூட்டா 2017-இலும் அரிசோனா 2019-இலும் எடுத்துவிட்டன. ஆனால் தேர்வுக்குப் படிப்பதென்றால் பிரிட்டனின் 28-ஆம் பிரிவைப் படி. அதில்தான் பாடம் இருக்கிறது.

1988-இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் அரசு அதை உள்ளாட்சிச் சட்டத்தில் சேர்த்தது. உள்ளாட்சிகள் தன்பாலீர்ப்பை வேண்டுமென்றே 'ஊக்குவிக்க'க் கூடாது, பள்ளிகளில் அதை ஒரு 'போலிக் குடும்ப உறவாக' ஏற்கத்தக்கது என்று கற்பிப்பதை ஊக்குவிக்கக் கூடாது. அந்த 'போலிக் குடும்பம்' என்ற சொல்லைக் கவனி. வீட்டில் சோறு போட்டு, ஜுரம் வந்தால் ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டவர்களைச் சட்டம் அப்படிச் சொன்னது.

இதில் ஒரு வேடிக்கை. மசோதா பிரபுக்கள் சபையில் இருந்தபோது சில பெண்கள் பார்வையாளர் மாடத்திலிருந்து கயிறு கட்டிச் சபைக்குள் இறங்கினார்கள். நம் சட்டசபையில் மைக்கைப் பிடுங்குவதெல்லாம் அதற்கு முன் ஒன்றுமில்லை.

தம்பி, தேர்வில் எழுத வேண்டியது இதுதான். அந்தப் பிரிவு உள்ளாட்சி அமைப்பைத்தான் கட்டுப்படுத்தியது, டீச்சரை நேராகக் கட்டுப்படுத்தவே இல்லை. அதன் கீழ் ஒருவர் மீதும் வழக்கு நடந்து தண்டனை ஆகவில்லை. ஆனாலும் டீச்சர்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள். கேலிக்கு ஆளான பையனைத் தேற்றினால் அது 'ஊக்குவிப்பு' ஆகிவிடுமோ என்று பயம். ஒரு தண்டனை கூட இல்லாமல் பதினைந்து வருஷம் வேலை செய்த சட்டம் அது. ஸ்காட்லாந்து 2000-இல் எடுத்தது, இங்கிலாந்தும் வேல்ஸும் 2003 நவம்பரில். தாட்சருடைய அதே கட்சியின் தலைவர் டேவிட் கேமரூன் 2009-இல் மன்னிப்புக் கேட்டார்.

ரஷ்யா, ஹங்கேரி எல்லாம்?

ரஷ்யா 2013-இல் சிறாரிடம் 'பிரசாரம்' கூடாது என்று தொடங்கியது. 2022 டிசம்பரில் எல்லா வயதினருக்கும் என்று ஆனது. 2023-இல் அங்கே உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பாளர், திருநர் இயக்கத்தையே தீவிரவாதம் என்று அறிவித்தது. சின்னப் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் என்று கதவைத் திறந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சிறாருக்கு இதைக் காட்டக்கூடாது என்ற ஹங்கேரிச் சட்டம் 2021. அங்கே தன்பால் காதல் வரும் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறை போடாமல் விற்றதற்குக் கடைக்கு 1 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் அபராதம். லிதுவேனியா மட்டும் எதிர்த்திசையில் நடந்தது. தன்பால் காதல் வரும் தேவதைக் கதைகளுக்கு 'பதினாலு வயதுக்குக் கீழ் ஆகாது' என்று முத்திரை குத்தியதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023-இல் தவறு என்றது. மறு வருஷம் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றமே அந்தப் பிரிவை ரத்து செய்தது.

அதெல்லாம் அங்கே. நமக்கு இப்படிச் சட்டம் இருக்கிறதா? நான் தமிழ் மீடியத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பேசலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பேசலாம். ஒரே வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். ஆனால் அதோடு விட்டால் உங்களை மாட்டிவிட்டது மாதிரி ஆகும்.

இந்தியாவில் அப்படி ஒரு தடைச் சட்டம் இல்லை, கேரளத்திலும் இல்லை. திருநரின் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 நால்சா வழக்கில் ஏற்றது. அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வயதுவந்தவர்களின் சம்மத உறவைக் குற்றமாக்காது என்று 2018 செப்டம்பர் 6-இல் சொன்னது. இவை இரண்டும் நாடு முழுக்கச் செல்லும். 2019-இன் திருநர் உரிமைச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் திருநருக்குப் பாகுபாடு இல்லாமல் எல்லோரோடும் சேர்த்துக் கல்வி தர வேண்டும் என்கிறது. அது திருநரை மட்டும் சொல்கிறது என்பதையும் கவனியுங்கள்.

நம்மைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு பெரிய உத்தரவு போட்டார். தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு போதாது என்று உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியவர். எத்தனை நீதிபதிகள் அப்படிச் செய்வார்கள் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்திட்டத்தில் மாற்றம் வேண்டும் என்றும் அதில் சொன்னார். ஆனால் அந்த உத்தரவு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்தான் கட்டுப்படுத்தும். நீங்கள் எடுப்பது தமிழ்ப் புத்தகம்தான், அச்சடித்தது கேரளம். பொள்ளாச்சி டீச்சர் காட்டக்கூடிய காகிதத்தை இங்கே மேற்கோளாகக் காட்டலாம், உத்தரவாகக் காட்ட முடியாது.

சட்டம் இல்லை என்பதால் தடை இல்லை என்று நினைக்காதீர்கள். 2021-இல் என்.சி.இ.ஆர்.டி. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து நடத்துவது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போட்டது. புகார் போனது, குழந்தைகள் உரிமை ஆணையம் கேள்வி கேட்டது, சில நாளில் கையேடு இணையதளத்திலிருந்து காணாமல் போனது. அதற்கு ஒரு சட்டப் பிரிவும் தேவைப்படவில்லை. 2022-இல் இங்கே பாடத்திட்டக் கலந்துரையாடல் குறிப்பில் பையனும் பொண்ணும் கலந்து உட்காருவது பற்றி ஒரு கேள்வி இருந்தது. எதிர்ப்பு வந்ததும் மாற்றினார்கள். பெஞ்சுக்கே இந்தப் பாடு.

ஆகவே டீச்சர், பாடப்புத்தகத்தில் சமத்துவம், அடிப்படை உரிமை வருகிற இடத்தில் தீர்ப்பைத் தீர்ப்பாகச் சொல்லுங்கள். அன்றைய பாடக்குறிப்பில் அதை எழுதி வையுங்கள். யாராவது கேட்டால் நோட்டைக் காட்டலாம்.

பி.டி.ஏ.வில் இருக்கிறேன். என் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லையா? உங்கள் பேச்சில் பெற்றோர் வில்லன் மாதிரி வருகிறோம்.

நியாயமான கேள்வி. வில்லன் என்று நான் சொல்லவில்லை அண்ணா, ஆனால் அப்படிக் கேட்டிருந்தால் என் தப்புதான்.

உங்கள் பக்கமும் தீர்ப்பு இருக்கிறது. அமெரிக்காவில் மேரிலாந்தில் ஒரு கவுன்டி, இப்படிப்பட்ட கதைப் புத்தகங்களை ஆரம்பப் பள்ளியில் வைத்தது. முதலில் விருப்பமில்லாத பெற்றோர் பிள்ளையை வெளியே அழைத்துக்கொள்ளலாம் என்றது, பிறகு முடியாது என்றது. முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் சேர்ந்தே வழக்குப் போட்டார்கள். 2025 ஜூனில் அங்கே உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று பெற்றோர் பக்கம் நின்றது: முன்கூட்டிச் சொல்ல வேண்டும், பிள்ளையை விலக்கிக்கொள்ள விட வேண்டும்.

அதைவிட நம்ம ஊர் வழக்கு ஒன்று சொல்கிறேன். கோட்டயம் பக்கம் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மனசாட்சிக்கு நம் நாட்டில் இவ்வளவு இடம் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்டது என்ன? எங்களைப் பாட வைக்காதீர்கள் என்று. யாருமே பாடக்கூடாது என்று கேட்கவில்லை. மேரிலாந்துப் பெற்றோர் முதல் வகை. ஃப்ளோரிடாச் சட்டம் இரண்டாவது வகை. நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டு மீட்டிங்குக்கு வாருங்கள், நானே மனு எழுதித் தருகிறேன்.

ஏனுங்க, சின்னப் புள்ளைங்க கிட்டப் போய் இதை எதுக்குப் பேசோணும்? பேசாம இருந்தா அதுகளுக்கு எங்கிருந்து தெரியப் போகுது? (வாளையார் டீக்கடைக்காரர்)

அண்ணா, உங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து ரயிலைப் பார்க்கிற பிள்ளைக்குத் திருநங்கையைத் தெரியாதா? கூவாகம் தெரியாத வீடு உண்டா? பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியவர்கள் முகம் சுளிப்பதும் தெரியும்.

நான் டீச்சராக இருந்த காலம். மூன்றாம் வகுப்பு, 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொல்லியிருந்தோம். ஒரு பெண் பிள்ளை ஓட்டு வீடு வரைந்து, வாசலில் பாட்டி, ஆட்டுக்குட்டி, உயரமாகச் சிவப்புச் சேலையில் ஒருத்தர். கீழே 'அத்தை' என்று எழுதியிருந்தாள். அம்மா அப்பா இல்லாத அவளை வளர்த்தது அந்தத் திருநங்கை அத்தைதான், ஊருக்கே தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் குனிந்து மெதுவாக, "இதை அழிச்சிட்டு அம்மான்னு யாரையாவது போடும்மா" என்றார். கெட்ட எண்ணமில்லை, நாளைக்கு யாராவது கேட்பார்களே என்று பயம். பிள்ளை அழித்தாள். சிவப்பு மெழுகுக் கலர் அழியுமா? ரப்பர் தேய்த்த இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கறை, அப்புறம் தாளே ஓட்டையாகிவிட்டது. நான் பக்கத்து பெஞ்சில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே யாரும் எதையும் 'பேச'ப் போகவில்லை அண்ணா. பிள்ளை தன் வீட்டை வரைந்தது, அவ்வளவுதான்.

என்ன சொல்லால் சொல்வது? பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பு. இவை போதும். 2022-இல் தமிழ்நாடு அரசிதழில் ஒரு சொற்பட்டியலே வந்திருக்கிறது, தேடி எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் ட்ரான்ஸ்ஜென்டர் என்றே சொல்கிறார்கள், அதுவும் சரி. பழைய வசைச்சொற்கள் ஸ்டாஃப் ரூமிலும் வேண்டாம். முதல் நாள் சிரிப்பார்கள். 'இனப்பெருக்கம்' பாடத்துக்கும்தான் சிரித்தார்கள்.

(பென்சிலில், பேர் இல்லாமல், எட்டாக மடித்த சீட்டு) நான் எட்டாவது. என் நடையைப் பாத்து எல்லாரும் பேர் வெச்சுக் கூப்பிடுறாங்க. பி.டி. சாரும் அதே பேர் சொல்லித்தான் கூப்பிடுறார். நான் எதுவும் பண்ணல.

கண்ணு, நீ எதுவும் பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ யார், என்ன என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. சார் அப்படிக் கூப்பிடுவது தப்பு, சட்டப்படியே தப்பு. கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு, மாணவரை மனசளவில் துன்புறுத்தக் கூடாது என்கிறது. எந்த நாள், எந்த பீரியட், யார் கூட இருந்தார்கள் என்று ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வை. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல். பள்ளியில் கவுன்சிலர் டீச்சர் வந்தால் அவரிடம் சொல்லலாம். 1098-க்குக் காசில்லாமல் போன் பண்ணலாம். தலைமையாசிரியர் கேட்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு எழுதலாம், அதை நான் எழுதித் தருகிறேன், ஃபீஸ் கிடையாது.

வீட்டில் யாராவது உன்னை 'மாத்தி'க் கொண்டுவருகிறேன் என்று டாக்டரிடம் கூட்டிப் போனால் இதைச் சொல்: அப்படி மாற்றும் சிகிச்சை தொழில் ஒழுங்குக்கு விரோதம் என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் சொல்லியிருக்கிறது. அது கேரளத்துக்கும் சேர்த்துத்தான்.

ஞாயிறு நாலு மணிக்கு மேல் வாயனசாலையில் கூட்டம் இருக்காது. பின்பக்கக் கதவு திறந்திருக்கும், பத்திரிகை அடுக்குக்குப் பக்கத்து மேஜையில் நான் இருப்பேன்.

அடுத்த மாதம் பட்டா மாறுதல் பற்றிப் பேசுவீர்களா?

பேசலாம். சர்வே நம்பரோடு வாருங்கள்.