கார்லோஸ் வரேலா: எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

'மேன் ஆன் ஃபயர்' படத்தில் 'ஊனா பலாப்ரா' கேட்டுப் பிடித்துப்போய், ஸ்பானிஷ் தெரியாமல் கியூபப் பாடகர் கார்லோஸ் வரேலாவின் மற்ற பாட்டுகளை எப்படிக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். நேராக 'கியெர்மோ தெல்'லுக்குப் போங்கள். மகன் தலையில் வைத்த ஆப்பிளை அம்பால் அடித்த வில்லியம் டெல்லின் கதைதான், ஆனால் மகன் பக்கத்திலிருந்து. தலையில் ஆப்பிளைச் சுமந்து அலுத்துப்போனவன், இப்போது அப்பா தலையில் ஆப்பிள், வில் என் கையில் என்கிறான். 1989 வாக்கில் கியூபத் தலைநகர் ஹவானாவில் அந்த அப்பா ஃபிடல் காஸ்ட்ரோதான் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை!

அப்புறம் 1995இல் வந்த 'கோமோ லோஸ் பேசெஸ்' தொகுப்பு. கியூபாவுக்கு சோவியத் உதவி நின்று, ஆயிரக்கணக்கானோர் கட்டுமரம் மாதிரி எதையாவது கட்டி அமெரிக்கா போகக் கடலில் இறங்கிய காலம். அதிலுள்ள 'ஃபோட்டோ தே ஃபமீலியா', பிரிந்துபோன குடும்பங்களைப் பற்றியது. மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள். மெட்டு மட்டும் என்றால் பாதிதான் கிடைக்கும்.