பங்குனி ஆமையைப் பார்க்க அனுப்பலாமா?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகளை ராத்திரியில் கடற்கரைக்கு ஆமை பார்க்க அழைத்துப்போகிறார்களாம், பள்ளியில். அனுப்பவா?
- ஒரு தாய், தாம்பரம்

பதில்: தயங்காமல் அனுப்புங்கள் அம்மா. ஆசிரியையாக இருந்தபோது நானும் பிள்ளைகளோடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்ப் பக்கம் அந்த மணலில் நடந்திருக்கிறேன். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் இந்த நடையை நடத்துகிறது.

பங்குனி ஆமை என்கிற கடலாமை கரைக்கு வந்து ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். நாயும் மனிதரும் தோண்டாமலிருக்க, குழுவினர் அந்த முட்டைகளைப் பொறுக்கி, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சுகள் வரும். அவை வெளிச்சமான பக்கம்தான் ஓடும். கரையில் விளக்கு எரிந்தால் கடலை விட்டுச் சாலைக்குப் போய்விடும். இதைக் கேட்ட என் மாணவி ஒருத்தி, கடலோரத்தில் இருந்த தன் வீட்டு மொட்டைமாடி விளக்கை அன்றிலிருந்து அணைத்துவைத்தாள். பாடப்புத்தகத்தை வைத்து நான் எத்தனை வருடம் சொல்லியும் நடக்காதது அது!

வசதியான செருப்பு, தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள். கைபேசி டார்ச்சை மட்டும் போடவேண்டாமென்று சொல்லுங்கள். வெளிச்சம் பட்டால் முட்டையிட வந்த தாய் ஆமை அப்படியே திரும்பிப்போய்விடும்.