மகளின் லெப்டொப்புக்குள் இருக்கும் லயம்

வணக்கம் அண்ணன்,

போன சனிக்கிழமை ஹட்டன் டவுனில் ஹயர் வந்தவர்களை இறக்கிவிட்டு என்னைப் பார்க்க வந்தீர்கள். மகள் பக்கத்தில் நின்றதால் மனதில் இருந்ததை நீங்கள் முழுதாகச் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. போகும்போது மட்டும் மெதுவாகக் கேட்டீர்கள்: "சங்கிலிய அடகு வச்சி லெப்டொப் வாங்கிக் குடுத்தேன் மிஸ். உயர்தரச் சோதனைக்கு எட்டு மாசம்தான் இருக்கு. ராத்திரியெல்லாம் அதுக்குள்ள வீடு கட்டி விளையாடுறா. இது எங்க கொண்டுபோய் விடும்?"

நின்ற நிலையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கே நீங்கள் போன பிறகு, செய்ததையெல்லாம் காட்டு என்று மகளிடம் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் காட்டினாள். ரோப்லொக்ஸ் என்பது 2006இல் தொடங்கிய ஒரு தளம். பிள்ளைகள் போனில் அதற்குள் போய், வேறு யாரோ செய்துவைத்த உலகங்களில் விளையாடுவார்கள். உங்கள் மகள் இருப்பது செய்துவைக்கிறவர்களின் பக்கத்தில். அதற்கென்று ரோப்லொக்ஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது போனில் ஓடாது. லெப்டொப் வேண்டும் என்று அவள் நின்ற காரணம் அதுதான்.

முதலில் கட்டியது ஒரு கண்ணாடி மண்டபம். நடுவில் நீர்வீழ்ச்சி, சுற்றிப் படிகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சித்தப்பா பிள்ளைகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் வெளியே போய்விட்டார்களாம். யார் எவ்வளவு நேரம் உள்ளே நின்றார்கள் என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். எழுதிப் பார்த்துவிட்டு அந்த மண்டபத்தை அப்படியே ஒதுக்கிவிட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த இடத்தில்தான், அண்ணன். பதினேழு வயதில், தான் ஆசையாகக் கட்டியதை அடுத்தவர் நடந்து பார்த்த விதத்தை வைத்து ஒதுக்குவது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவதாக எடுத்துக்கொண்டது உங்கள் குடும்பம் முன்பு இருந்த, பிறகு இடித்துவிட்ட பணிய லயம்: தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் வரிசையாக ஒட்டியிருந்த தொழிலாளர் வீடுகள்.

ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, 10 அடிக்கு 12 அடி. அந்த உலகத்தில் அடி, அங்குலம் கிடையாது, 'ஸ்டட்' என்று ஓர் அளவு. ஒரு ஸ்டட் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். கணக்குப் போட்டு, 11க்கு 13 ஸ்டட் என்று சுவரை எழுப்பியிருக்கிறாள். உள்ளே போனால் ஒன்றுமே தெரியவில்லை. ஏனென்றால் அங்கே நடக்கிறவரை நாம் அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். கமெரா கொஞ்சம் தள்ளி மிதந்து வரும். சின்ன அறைக்குள் சுவர் அதை முன்னால் தள்ளிவிட, திரை முழுக்க ஆளின் பின்மண்டைதான். இப்படியான உலகங்களில் கட்டுகிறவர்கள் இதற்காகவே அறையையும் கூரையையும் நிஜத்தைவிடப் பெரிதாக வைப்பது வழக்கம். மகளும் அளவை இரட்டிப்பாக்கியிருக்கிறாள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. "ஆனா மிஸ், அது எங்க லயம் மாதிரி இல்ல. பங்களா மாதிரி இருந்திச்சு" என்றாள்.

இரண்டு வாரம் இந்த ஒரே பிரச்சினையில் இருந்திருக்கிறாள். நீங்கள் ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்துக் கோபப்பட்டது அந்த இரண்டு வாரமாகக்கூட இருக்கலாம். கடைசியில் அறையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து, கமெராவை மாற்றியிருக்கிறாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நிற்கும்வரை ஆளைப் பின்னாலிருந்து பார்க்கலாம். கதவைத் தாண்டிய உடனே பார்வை அந்த ஆளின் கண்ணுக்குள் போய்விடும். கூரை தலைமேல் இறங்கினதுபோல இருந்தது எனக்கு. நானும் லயத்தில் பிறந்தவள்தான். ஒரு நிமிடம் பேச முடியவில்லை.

அதன் பிறகு செய்தவை வேகமாக நடந்திருக்கின்றன. தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் கிட்டப் போகப் போகத் தண்ணீர்ச் சத்தம் கூடும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் சாக்கை வைத்தால் முள் அசையும். தேயிலைச் செடிகளை முதலில் இலை இலையாகச் செய்ததில் பழைய போன்கள் திணறியிருக்கின்றன. ஒரு செடியை எளிமையாகச் செய்து அதையே நூற்றுக்கணக்கில் நட்டிருக்கிறாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா பக்கம் மட்டும் யாருமே திரும்பவில்லை, பாதை பிரிவது கண்ணில் படவில்லை. அம்பு போட்டு வழி காட்டலாம் என்று ஒரு தம்பி சொன்னதை மறுத்துவிட்டு, பாட்டியின் தாலாட்டைப் போனில் பதிந்து அங்கே வைத்திருக்கிறாள். அடுத்த தடவை வந்த ஆறு பேரும் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

நீங்கள் விளையாட்டு என்று சொன்னதைக் கட்டடக்கலை படிப்பிக்கும் இடங்களில் வடிவமைப்பு என்று சொல்வார்கள். இருக்கப்போகிறவர் எப்படி நடப்பார், எங்கே நிற்பார் என்று பார்த்து, கேட்டு, திருத்துவது. நம் மலையிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். கண்டியில் 1918இல் பிறந்த மினட் டி சில்வா. பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் 1948இல் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண். கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தைச் செய்தபோது, வீடு வரப்போகும் குடும்பங்களுக்குக் கேள்விக்கொத்துக் கொடுத்து, அவர்களுடைய தேவையை அறிந்துதான் வரைந்தார். அது 1950களில். இப்படிக் கணினிக்குள் இருக்கும் மெய்நிகர் உலகத்தை வைத்தே இதைச் செய்தவர்களும் உண்டு: ஐ.நா.வின் மனிதக் குடியிருப்பு அமைப்பு 2012இல் மைன்கிராப்ட் என்ற கட்டும் விளையாட்டைச் செய்த நிறுவனத்துடன் சேர்ந்து, கென்யாவின் கிபேரா போன்ற குடியிருப்புகளில் மக்களையே தங்கள் பொது இடங்களை அந்த விளையாட்டுக்குள் கட்டிக்காட்ட வைத்தது.

இனி படிப்பு விஷயம். உங்களுக்கு முக்கியம் இதுதான் என்று தெரியும்.

மகள் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுத்திருப்பது நல்லதாகப் போயிற்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் ஐந்து வருடம். அதற்கு உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளி மட்டும் போதாது, அந்தத் துறைக்கான திறமையைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அந்தப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நல்ல பெறுபேறு எடுத்தும் இந்த ஒரு விண்ணப்பத்தைத் தவறவிட்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அந்த அழுகை இன்னும் மறக்கவில்லை. சோதனை முடிந்த நாளிலிருந்தே அறிவித்தலை நானும் பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள். அங்கேயே வடிவமைப்புப் பட்டமும் இருக்கிறது, அதற்கும் உளச்சார்புப் பரீட்சை உண்டு. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம், என்ன தகுதி என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலில் பாருங்கள். வேறு யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து.

புள்ளி வராவிட்டால்? அதையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. தொழில்நுட்பக் கல்லூரிகளில், கட்டட வரைபடம் வரையும் படவரைஞர் படிப்பு இருக்கிறது. தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள் இருக்கின்றன, ஏழாவது பட்டத்துக்குச் சமம். படவரைஞராகத் தொடங்கி மேலே ஏறலாம். வருடம் கூடப் பிடிக்கும், ஆனால் வழி மூடியிருக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். 2021இல் பேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றியபோது, 'மெட்டாவர்ஸ்' என்ற மெய்நிகர் உலகத்தில் காசு கொட்டும் என்று பெரிய ஆரவாரம் கிளம்பியது. இன்றைக்கும் அந்தச் சொல்லை வைத்து, மூன்று மாதச் சான்றிதழுக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொரு நகையை அடகு வைக்க வேண்டாம்.

மகளிடமும் ஒன்று சொன்னேன். அவளுடைய மலையில் மழை பெய்தால் சத்தம்தான் வருகிறது, மண் நகர்வதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். நம் சரிவுகளில் நிஜமாகக் கட்ட வேண்டுமென்றால் மண்ணும் நீரும் பாரமும் படிக்க வேண்டும், அதற்குப் பௌதிகவியல் வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தானே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தாள். பரீட்சை முடியும்வரை வெள்ளி, சனி இரவு மட்டும் லெப்டொப், அதுவும் பத்து மணிவரை. மற்ற நாள் பாடம். புதிதாக எதுவும் கட்டாமல், இதுவரை செய்ததைப் பதிவு செய்ய வேண்டும்: ஒதுக்கிய மண்டபம், இரட்டிப்பாக்கிய அறை, திரும்பி வந்த அறை, ஒவ்வொன்றுக்கும் திகதியோடு படம், ஏன் மாற்றினேன் என்று ஆங்கிலத்தில் பத்து வரி. நாளைக்கு நேர்முகத்தில் உட்காருகிறவர் முடிந்த வேலையைவிட இந்தத் திருத்தங்களைத்தான் உற்றுப் பார்ப்பார். ஆங்கிலமும் அப்படியே ஓடி வரும். அதோடு தினமும் பதினைந்து நிமிடம் பென்சிலால் வரைய வேண்டும், உளச்சார்புப் பரீட்சைக்குக் கை பழகியிருக்க வேண்டும்.

உங்கள் பங்குக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை இரவு ஒரு தடவை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த லயத்துக்குள் நீங்களே நடந்து பாருங்கள். எந்தப் பட்டனை அழுத்துவது என்று அவள் சொல்லித் தருவாள். காம்பராவுக்குள் ஒரு மூலை இன்னும் வெறுமையாக இருக்கும். அடுப்பு கதவுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் பிறப்பதற்கு முன்னாலேயே அந்த லயத்தை இடித்துவிட்டார்களாமே. "அப்பாகிட்டத்தான் கேக்கணும் மிஸ்" என்றாள். இன்னும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.