சராசரி எடுக்கும் முன் ஒரு படம் வரையுங்கள்

கேள்வி: தாவரவியல் எம்.எஸ்சி. படிக்கிறேன். டேட்டாவை அலச கோட் எழுதப் பழக வேண்டும். பைத்தானா, ஆர் மொழியா, எதில் தொடங்கலாம்?

உங்கள் ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் எதில் எழுதுகிறாரோ அதில். முதல் ஆறு மாதம் சிக்கினால் கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: 0.1 + 0.2 என்பது 0.3க்குச் சமமா என்று கேட்டால் பைத்தான் ஃபால்ஸ் என்கிறது. இன்ஸ்டால் செய்ததில் கோளாறா?

இல்லை. 0.1ஐ இரும எண்ணில் எழுதினால் முடியாமல் நீண்டுகொண்டே போகும், கணினி எங்கோ வெட்டியாக வேண்டும், அதனால்தான் விடை 0.30000000000000004 என்று வருகிறது. தசம எண்களை இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதீர்கள். நம்பை என்ற பைத்தான் நூலகத்தில் இஸ்குளோஸ் இருக்கிறது, இரண்டு எண்கள் ஏறத்தாழச் சமமா என்று அது பார்த்துச் சொல்லும்.

கேள்வி: கோட் ஓடவில்லை, எர்ரர் வருகிறது. என்ன செய்ய?

என்ன எர்ரர்? அதை எழுதாமல் நான் எதைச் சொல்வது? செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள், அப்புறம் வரி எண்ணைப் பாருங்கள். போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பாமல் எழுத்தாகவே காப்பி செய்து அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வானிலை நிலையத்தின் தினசரி வெப்பநிலைக்கு பாண்டாஸில் (அட்டவணை டேட்டாவுக்கான பைத்தான் நூலகம்) சராசரி எடுத்தேன். போன ஆண்டு 28.5 டிகிரி, இந்த ஆண்டு 25.7. ஊர் குளிர்ந்துவிட்டது என்று ப்ராஜெக்டில் எழுதலாமா?

தயவுசெய்து எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஃபைலில் நவம்பரில் ஒரு நாள் -999 என்று இருக்கிறது. அது வெப்பநிலை இல்லை, அன்றைக்கு அளவு பதிவாகவில்லை என்பதற்கான குறி. மற்ற 364 நாளும் சராசரி 28.5 இருந்தாலும் இந்த ஒற்றை எண் கிட்டத்தட்ட 3 டிகிரியைத் தின்றுவிடும். மாத மழையில் இப்படி நடந்தால் கூட்டுத்தொகை மைனஸில் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். வெப்பநிலையில் வரும் 25.7 பார்க்க நியாயமான எண்ணாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து. ஒரு மாணவியின் நான்கு மாத உழைப்பு இதே காரணத்தால் வைவாவில் சரிந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் வரவில்லை, முதல் வகுப்பிலேயே சராசரி, திட்ட விலக்கம் என்று பாய்ந்துவிட்டு டேட்டாவை ஒருமுறை கண்ணால் பார்க்கச் சொல்லாத பாடமுறைமீதுதான் வந்தது. ஒரு கோட்டுப்படம் வரைந்திருந்தால் அந்த -999 கிணற்றில் விழுந்த வாளிபோல் தெரிந்திருக்கும். குறைந்தபட்ச மதிப்பைக் கேட்டிருந்தாலும் போதும். ஃபைலைப் படிக்கும்போதே -999 என்றால் விடுபட்ட மதிப்பு என்று பாண்டாஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சிஎஸ்வியை எக்செலில் திறந்து சேமித்தேன், ஜீன் பெயர்கள் தேதியாகிவிட்டன.

பழைய வியாதி. இதற்காகவே 2020இல் மரபணுப் பெயரிடல் குழு மார்ச்1 என்ற ஜீனை மார்ச்எஃப்1 என்று மாற்றியது. மூல ஃபைலில் கை வைக்காதீர்கள், காப்பியில் வேலை செய்யுங்கள்.

கேள்வி: ரத்தத்தில் மருந்து குறைவதற்கு ஆய்லர் முறையில், அதாவது நேரத்தைப் படிபடியாகத் தாண்டிக் கணக்கிடும் முறையில், மாடல் எழுதினேன். 100 மி.கி.யில் தொடங்கி அடுத்த படியில் -150, அதற்கடுத்து 225. சூத்திரம் தவறா?

சூத்திரம் சரி, படிதான் பெரிது. குறையும் வீதம் மணிக்கு 0.5 என்று வைத்துக்கொண்டு 5 மணி நேரத்தை ஒரே தாவலில் தாண்டுகிறீர்கள், அதனால் ஒவ்வொரு படியிலும் 1 - 0.5 × 5, அதாவது -1.5ஆல் பெருக்குகிறது. இதையும் படம் வரைந்திருந்தால் ஊசலாட்டம் அப்போதே தெரிந்திருக்கும். 0.1 மணிப் படியில் ஓட்டுங்கள், 5 மணி முடிவில் 7.7 வரும், சரியான விடை 8.2. படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள், விடை அசையாமல் நிற்கும்வரை.