வாசகர் கேள்வி – பதில்: யாருடைய கார் இது?

கேள்வி: மலேசியாவின் தேசிய கார் என்று சொல்லப்படும் புரோட்டோனின் கார்களில் பல, ஜப்பானிலும் சீனாவிலும் ஏற்கெனவே விற்பனையாகும் கார்கள்தான் என்று அங்கு வேலை செய்யும் என் தம்பி சொல்கிறான். பிறர் உருவாக்கிய காரில் தன் சின்னத்தைப் பொருத்தி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது ஆகாதா? – வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தங்கள் தம்பி சொல்வது சரியே. பிரதமராக இருந்த மஹாதீர் முஹம்மத்தின் முன்முயற்சியால் 1983இல் புரோட்டோன் தொடங்கப்பட்டபோது அதில் ஜப்பானின் மிட்சுபிஷிக் குழுமத்துக்கு 30 சதவீதப் பங்கு இருந்தது. 1985 ஜூலையில் வெளிவந்த முதல் காரான சாகா, மிட்சுபிஷி லான்சர் பியோரே என்ற காரை அடியொற்றியது. பின்னர் வந்த விரா, பெர்டானா ஆகியவையும் மிட்சுபிஷியின் வடிவமைப்புகளே. 1996இல் வந்த டியாரா, பிரான்சின் சிட்ரொயன் ஏஎக்ஸ். இன்று விற்பனையாகும் எக்ஸ்70, எக்ஸ்50 ஆகியவை சீனாவின் ஜீலி நிறுவனத்தின் போயூ, பின்யூ என்ற கார்களிலிருந்து வந்தவை.

ஆனால் இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தம் செய்து, உரிமைக் கட்டணம் செலுத்தி, எல்லோரும் அறியத் தயாரித்த கார்கள் அவை. இந்தியாவின் அம்பாசடர் பிரித்தானியாவின் மொரிஸ் ஒக்ஸ்போர்டிலிருந்தும், மாருதி 800 சுசுகியின் சிறு காரிலிருந்தும் வந்தவை. அவற்றை யாரும் போலி என்று ஒதுக்கவில்லை. எனக்குள்ள கவலை வேறு. தேசிய காரைக் காப்பதற்காக மலேசிய அரசு பிற கார்கள் மீது கடுமையான இறக்குமதித் தீர்வையைப் பல ஆண்டுகள் விதித்து வந்தது. அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் மாதச் சம்பளத்தில் கார் வாங்கிய சாதாரண மலேசியர்கள். அவர்கள் கொடுத்த விலைக்கு ஈடாக, சொந்தமாகக் கார் உருவாக்கும் அறிவு அந்த நாட்டுக்குக் கிடைத்ததா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கேள்வி: தென்கொரியாவின் ஹுண்டாயும் பிறர் காரின் பாகங்களை இணைத்துப் பொருத்தித்தான் தொடங்கியது. அது உலக நிறுவனமாகிவிட, புரோட்டோன் ஏன் பின்தங்கியது? – வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: ஹுண்டாய் 1968இல் போர்ட் கொர்ட்டினாவைப் பொருத்தத் தொடங்கியது, 1970களின் நடுப்பகுதியில் வந்த போனி காருக்கு வடிவம் இத்தாலியரான ஜியுஜாரோவுடையது, இயந்திரம் மிட்சுபிஷியுடையது. அந்நிலையிலேயே நின்றிருக்கலாம். ஆனால் ஏற்றுமதி செய்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி அந்நிறுவனத்தின் தலைக்கு மேல் எப்போதும் இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தேசப்பற்றைச் சொல்லிக் குறையுள்ள காரை விற்க இயலாது. தன் சொந்த இயந்திரமான அல்பாவை அது 1991இல் கொண்டு வந்தது.

புரோட்டோனும் முயலாமல் இருக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1996இல் பிரித்தானியாவின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. 2000இல் தானே வடிவமைத்த வாஜாவையும், 2004இல் கம்ப்ரோ என்ற சொந்த இயந்திரத்துடன் ஜென்-2 காரையும் வெளியிட்டது. மிட்சுபிஷி தன் பங்குகளை விற்று விலகியதும் அக்காலத்தில்தான். ஆனால் சொந்தக் காரின் தரத்தில் வாடிக்கையாளர்கள் குறை கண்டார்கள். மலேசியாவின் இரண்டாவது தேசிய நிறுவனமான பெரோடுவாவோ, ஜப்பானின் டைஹட்சு நிறுவனத்தின் சிறு கார்களைத் தழுவி மலிவாகவும் நம்பகமாகவும் விற்று, சந்தையில் முதலிடத்தையே பிடித்தது. ஒரு புதிய காரை அடிமுதல் உருவாக்க ஆகும் செலவை மீட்க வேண்டுமானால் இலட்சக்கணக்கில் விற்க வேண்டும். இறக்குமதித் தீர்வையால் காக்கப்பட்ட ஒரு சிறிய உள்நாட்டுச் சந்தை அதற்குப் போதாது.

விளைவாக 2010இல் புரோட்டோன் மீண்டும் மிட்சுபிஷியிடம் சென்று, லான்சரை இன்ஸ்பிரா என்ற பெயரில் விற்றது. என்னை மிகவும் வருத்திய விடயம் இதுதான். அந்த லான்சரில் இருந்த இயந்திரம், ஹுண்டாய், மிட்சுபிஷி, கிரைஸ்லர் மூன்றும் கூட்டாக உருவாக்கிய இயந்திர வரிசையைச் சேர்ந்தது. அதன் அடிப்படை வடிவமைப்பைச் செய்தது ஹுண்டாய். ஒரு காலத்தில் மிட்சுபிஷியிடம் இயந்திரம் கேட்டு நின்ற கொரிய நிறுவனம் மிட்சுபிஷிக்கே வடிவமைத்துக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்திருக்க, அதே ஆசானிடம் பயின்ற மலேசிய நிறுவனம் கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஆசானின் காரையே வாங்கிப் பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. வாஜாவையும் கம்ப்ரோவையும் உருவாக்கிய பொறியியலாளர்கள் திறமையற்றவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர்கள் கற்றதை அடுத்தடுத்த கார்களில் தொடர்ந்து மேம்படுத்த நிறுவனம் போதிய இடம் கொடுக்கவில்லை என்பதே என் கணிப்பு. 2016இல் சுசுகி எர்டிகாவும் புரோட்டோன் சின்னத்துடன் வந்தது, 2017இல் 49.9 சதவீதப் பங்கை ஜீலி வாங்கியது.

கேள்வி: இலங்கையிலும் இவ்வாறு நடந்ததுண்டா? – வாசகர் ஒருவர், தெஹிவளை

பதில்: உண்டு. 1970களில் தொழிலதிபர் உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் பொருத்திய கார்கள் உபாலி பியட், உபாலி மஸ்டா என்றே அழைக்கப்பட்டன. மூல நிறுவனத்தின் பெயர் காரின் பெயரிலேயே இருந்தது. பின்னாளில் இலங்கையின் மைக்ரோ நிறுவனம் தன் பெயரில் விற்ற பண்டா ஜீலியுடையது, ரெக்ஸ்டன் தென்கொரியாவின் சாங்யொங்குடையது. உபாலியின் முறையே எனக்கு உவப்பானது.

கேள்வி: பழைய புரோட்டோன் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. உதிரிப்பாகங்கள் கிடைக்காது என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா? – வாசகர் ஒருவர், மட்டக்குளி

பதில்: எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. முதல் தலைமுறை சாகா, விரா போன்றவற்றின் மூலக் கார் மிட்சுபிஷி லான்சர் என்பதால், இயந்திரம், கியர்ப்பெட்டி, பிரேக் தொடர்பான பல பாகங்களை லான்சருக்குரியவை என்றே கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டு வாங்கலாம். ஆனால் முன்விளக்கு, பம்பர், கதவின் உட்புற அட்டை போன்றவை புரோட்டோனுக்கே உரியவையாக இருக்கக்கூடும். அவை கிடைப்பதுதான் கடினம். ஆகவே விபத்தில் அடிபட்ட காரைத் தவிர்த்துவிடுங்கள். கம்ப்ரோ இயந்திரம் கொண்ட ஜென்-2 போன்ற கார்களுக்கு மிட்சுபிஷிப் பாகங்கள் உதவமாட்டா. முற்பணம் கொடுப்பதற்கு முன் செசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று கடைகளில் கிளச் தட்டு, டைமிங் பெல்ட், முன்விளக்கு ஆகியவற்றின் விலையையும் இருப்பையும் விசாரியுங்கள். முன்விளக்குக்கு எந்தக் கடையும் பதில் சொல்லாவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.