தாராவி சகோதரிக்கு: நழுவும் கட்டியும் மாதவலியும்

26 வயது, இடது மார்பில் கோலிக்குண்டுபோல் நழுவும் கட்டி, மாதவிலக்குக்கு முந்தைய வாரம் இரு மார்பிலும் வலி என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு சங்கதி, சகோதரி. வலி ஹார்மோன் மாற்றத்தால் வருவது, விலக்கானதும் தணியும். பொருத்தமான உள்ளாடையும் வெந்நீர் ஒத்தடமும் உதவும்.

கட்டி உங்கள் வயதில் பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டியாக இருக்கும். அது புற்றுநோய் அல்ல. ஆனால் விரலை நம்பி முடிவுக்கு வராதீர்கள். எதிர்வீட்டு மாமி அரைத்துப் போடும் மருந்துப் பற்றும் வேண்டாம். மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும். 30 வயதுக்குள் பொதுவாக முதலில் அல்ட்ராசவுண்ட்தான் எடுப்பார்கள். ஐயம் இருந்தால் ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பார்கள். (சயானிலிருந்து பரேல் மருத்துவமனைக்கு ரயிலேறத் துணியாமல் மூன்று வாரம் தூக்கம் கெட்டவள் நான், ஊசி எறும்புக்கடிதான்.)

தோல் குழிந்தாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ, கட்டி இறுகி அசையாமல் நின்றாலோ நாளையே போங்கள்.